ஒரு பூனையின் வைத்திய அறிக்கைக்கு உரை

மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் இருக்கிறது இரத்தோட்டை. தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் மிளகு காயப்போடும் முற்றங்களிலும் பூனைக்கு எப்போதும் இடமுண்டு. எலிக்காக வீட்டுக்குள் வந்த குட்டி பிள்ளைகளோடு வளர்கிறது. பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்குப் போன பிறகும் அடுப்படியில் அம்மாவுக்குத் துணையாகக் கிடக்கிறது. இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் வாழ்ந்த பூனையைத்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் பிடிக்கிறது.

முதலில் காட்டுவது பக்கத்து மிருக வைத்தியரிடம். ஸ்கேன், சத்திரசிகிச்சை, திசுச் சோதனை என்று வரும்போது மாத்தளை, கண்டி கடந்து பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை வரை போக வேண்டி வரலாம். முடிவில் கைக்கு வருவது ஆங்கிலத்தில் ஒரு தாள். அதில் உள்ளது விளங்காமல், “கட்டி” என்ற ஒரு சொல்லை மட்டும் மனதில் சுமந்துகொண்டு யாரும் வீடு திரும்பக் கூடாது. அதற்காகவே இந்த உரை.

கீழே மூலமாகத் தருவது எந்தத் தனிப் பூனையின் அறிக்கையும் அல்ல. இந்நோயில் வைத்தியர்கள் வழக்கமாக எழுதும் குறிப்புகளை, ஒரு முதிய கடுவனை மனதில் வைத்துத் தமிழில் கோத்திருக்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

மூலம் 1: கடுவன் பூனை. விதை நீக்கப்பட்டது. வயது 14. எடை 3.6 கிலோ, முன்பு 4.5 கிலோ.

அறிக்கையின் முதல் வரியை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை. ஆனால் நோயை ஊகிக்க வைத்தியருக்குக் கிடைக்கும் முதல் தடயம் வயதுதான். பல வைத்தியசாலைகளில் இந்நோய் கண்ட 118 பூனைகளின் விபரங்களைத் திரட்டி 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பூனைகளின் நடு வயது 15. மூன்று வயதுப் பூனை இரத்தம் கலந்து சிறுநீர் கழித்தால் வைத்தியரின் மனம் வேறு நோய்களை நோக்கிப் போகும். பதினான்கு வயதுப் பூனையில் புற்றுநோயையும் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். கடுவன், பெட்டை இரண்டுக்கும் இது வரும்.

எடையையும் கவனியுங்கள். 4.5 கிலோவில் 0.9 கிலோ குறைந்தால் உடலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இந்த மெலிவு தெரியாது. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தை மாதம் ஒரு முறை கலண்டரில் குறித்து வைப்பது வயதான பூனையுள்ள வீட்டில் நல்ல வழக்கம்.

மூலம் 2: மூன்று மாதமாக விட்டு விட்டுச் சிறுநீரில் இரத்தம். அடிக்கடி குந்துகிறது, முக்குகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இரண்டு முறை கொடுக்கப்பட்டது. இரண்டு முறையும் சில நாள் குணம், பிறகு பழையபடி.

அறிக்கையின் உயிர் இந்த வரியில் இருக்கிறது. இதை வைத்தியருக்குச் சொல்லக் கூடியவர் வளர்ப்பவர் மட்டுமே.

நம் ஊர்ப் பூனைகள் தேயிலைச் செடியடியிலும் தோட்டத்து மண்ணிலும் ஒதுங்குகின்றன. சிறுநீரின் நிறத்தை யார் பார்ப்பது? ஆகவே மற்ற அடையாளங்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே காலைப்பொழுதில் பல தடவை வெளியே ஓடுவது, குந்தி நெடுநேரம் இருந்தும் மண் நனையாமல் எழும்புவது, முக்கும்போது கத்துவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, இதுவரை வீட்டை அசுத்தப்படுத்தாத பூனை குளியலறைச் சீமெந்திலும் துணிக்கூடையிலும் கழிப்பது. சந்தேகம் வந்தால் இரண்டு நாள் உள்ளே வைத்து, ஒரு தட்டில் மணல் போட்டு, அடியிலும் பக்கத்திலும் வெள்ளைக் கடதாசி விரியுங்கள். இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தியருக்குக் காட்டுங்கள். துணிக்கூடையில் கழித்த பூனைக்கு அடி விழுவதுண்டு. அது குறும்பு செய்யவில்லை, வலியில் இருக்கிறது.

இனி, “சில நாள் குணம்” என்ற சொற்களுக்கு வருவோம். இந்நோயை மறைத்து வைப்பது இதுவே. ஒரு மருந்துக்குக் குணமானது என்றால் நோய் அதுதானே என்று கேட்கலாம். இரண்டு காரணங்களால் அப்படி முடிவு கட்ட முடியாது.

ஒன்று, பூனைகளில் கிருமியும் கல்லும் இல்லாமலே சிறுநீர்ப்பை அழன்று இரத்தம் வரும் ஒரு நோய் உண்டு. பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளின் சிறுநீர்ப்பைத் தொல்லைகளில் பாதிக்கு மேல் அதுதான். பெரும்பாலான பூனைகளில் அது ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். அந்த வாரத்தில் என்ன மருந்து கொடுத்தாலும், கைவைத்தியம் செய்தாலும், பேர் அந்த மருந்துக்கே போய்விடும். இரண்டு, புற்றுநோய் உள்ள பையில் கிருமி எளிதாகக் குடியேறும். நுண்ணுயிர்க்கொல்லி அந்தக் கிருமியைக் கொல்வதால் எரிச்சல் குறைந்து இரத்தமும் மட்டுப்படும். கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த அறிக்கையில் முதல் முறை மருந்து கொடுத்ததில் குறையில்லை. புற்றுநோய் அரிது, பூனைக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அரிதான நோயை முதல் நாளே தேட வேண்டியதில்லை. ஆனால் முதிய பூனையில் இரத்தம் இரண்டாம் முறை வந்தபோது ஸ்கேன் செய்திருக்க வேண்டும். இந்த உரை முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

மூலம் 3: சிறுநீர்: சிவப்பணுக்கள் மிகுதி. அடர்த்தி 1.018. வளர்ப்புச் சோதனையில் ஈ.கோலி. இரத்தம்: கிரியற்றினின் 2.1.

ஈ.கோலி என்ற கிருமி அகப்பட்டதும் தேடலை நிறுத்திவிட ஆசை வரும். நிறுத்தக் கூடாது. இளம் பூனைகளில் சிறுநீர்ப்பைக் கிருமித்தொற்று மிகக் குறைவு. முதிய பூனையில் அது வந்தால், ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோயா, சிறுநீரகத் தளர்ச்சியா, கல்லா, கட்டியா?

அடர்த்தியும் கிரியற்றினினும் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுகின்றன. நல்ல சிறுநீரகமுள்ள பூனை தண்ணீரை மிச்சம் பிடித்து, சிறுநீரை 1.035க்கு மேல் கெட்டியாக்கும். 1.018 என்றால் அந்தத் திறன் தளர்ந்திருக்கிறது. கிரியற்றினின் ஒரு டெசிலீற்றருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இருப்பதைப் பூனைகளின் நாட்பட்ட சிறுநீரக நோயில் இரண்டாம் படி என்று வகுத்திருக்கிறார்கள். முதிய பூனைகளில் இது சாதாரணமாகக் காணப்படுவது. அதனால் மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் எட்டாம் மூலத்தில் வரும் மருந்து சிறுநீரகத்தைத் தொடக்கூடியது. அங்கே இந்த எண்ணுக்குத் திரும்பி வருவோம்.

மூலம் 4: ஸ்கேன்: சிறுநீர்ப்பையின் உச்சிச் சுவரில் 14 மி.மீ. அளவில், அகன்ற அடியுடன், ஒழுங்கற்ற விளிம்புள்ள திரள். பூனையைப் புரட்டியும் இடம் மாறவில்லை. உள்ளே இரத்த ஓட்டம் உண்டு. பின்நிழல் இல்லை.

ஒவ்வொரு சொல்லும் ஒரு சந்தேகத்தை விலக்குகிறது.

“புரட்டியும் இடம் மாறவில்லை”: கல்லும் உறைந்த இரத்தமும் பைக்குள் பெரும்பாலும் ஒட்டாமல் கிடப்பவை. பூனையைப் புரட்டினால் அவையும் பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்துக்கு உருளும். சுவரில் முளைத்தது அசையாது. “பின்நிழல் இல்லை”: கல் ஒலியலையைத் தடுத்துத் தனக்குப் பின்னே கருநிழல் போடும். இங்கு அது இல்லை. “உள்ளே இரத்த ஓட்டம் உண்டு”: சில சமயம் உறைகட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். ஆனால் அதற்குள் இரத்தம் ஓடாது. ஓட்டம் தெரிந்தால் அது உயிருள்ள திசு. இத்தனைக்குப் பிறகும் நாட்பட்ட அழற்சியால் வந்த சதை முளையாக அது இருக்கக் கூடும். ஆகவேதான் நல்ல வைத்தியர் ஸ்கேனை மட்டும் பார்த்து “புற்றுநோய்” என்று எழுதுவதில்லை. “திரள்” என்று எழுதுகிறார்.

“உச்சிச் சுவரில்” என்பது இந்த அறிக்கையில் நம்பிக்கை தரும் சொல். நாய்களில் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பையின் கழுத்தோரம் வருகிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் இரு குழாய்களும் உள்ளே நுழையும் இடம் அது. அங்கே கத்தி வைப்பது மிகக் கடினம். பூனைகளில் கட்டி கழுத்தை விட்டு விலகி, உச்சியிலோ நடுச்சுவரிலோ இருப்பது நாய்களைவிட அதிகம். ஆகவே அறிக்கை வாங்கியதும் கட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பதோடு, எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். சிகிச்சை அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் பூனையின் பை காலியாக இருந்தால் சுவர் மடிந்து தடித்துத் தெரியும். பை ஓரளவு நிறைந்திருப்பது நல்லது. எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியுள்ள, காற்றுப் போகும் கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டுபோகலாம். சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்.

மூலம் 5: சிறுநீர்க் குழாய்கள் விரியவில்லை. அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் இயல்பு. நெஞ்சு எக்ஸ்ரேயில் பரவல் தெரியவில்லை.

இது பரவலைத் தேடிய வரி. குழாய்கள் விரிந்திருந்தால் கட்டி வழியை அடைத்து, சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகத்தை அழுத்துகிறது என்று பொருள். முடிச்சுகளும் நுரையீரலும் இந்தப் புற்றுநோய் முதலில் போய்ச் சேரும் இடங்கள். “தெரியவில்லை” என்றால் இன்று, இந்தப் படத்தில் தெரியவில்லை என்று கொள்க. மிகச் சிறிய பரவல் எக்ஸ்ரேயில் அகப்படாது. ஆனாலும் சத்திரசிகிச்சைக்கு முன் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

மூலம் 6: வயிற்றின் வழியே ஊசியால் துளைக்க வேண்டாம். மெல்லிய குழாய் வழி எடுத்த மாதிரியில் இயல்பு மாறிய உட்சுவர் உயிரணுக்கள். யூரோதீலியல் கார்சினோமா எனச் சந்தேகம். உறுதிக்குத் திசுச் சோதனை தேவை.

வேறு பூனைகளில் சிறுநீர் மாதிரியை வயிற்றின் வழியே ஊசி போட்டு எடுப்பது நல்ல முறை. இங்கே ஏன் வேண்டாம் என்றால், கட்டியில் பட்ட ஊசி வெளியே வரும்போது புற்று உயிரணுக்களை வயிற்றுச் சுவரில் விதைத்துவிடக் கூடும். சந்தேகம் இருக்கும்போது சிறுநீர் வழியே மெல்லிய குழாய் செலுத்தி எடுப்பது பாதுகாப்பு.

யூரோதீலியல் கார்சினோமா என்பது சிறுநீர்ப் பாதையின் உட்படலத்தில் பிறக்கும் புற்றுநோய். பூனையின் சிறுநீர்ப்பையில் கூடுதலாகக் காணப்படும் வகை இதுவே. நாய்களுக்குச் சிறுநீரிலேயே பிராஃப் என்ற மரபணு மாற்றத்தைத் தேடி இதைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. பூனைக்கு அது உதவாது. திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதே முடிவான சான்று.

இந்த இடத்தில்தான் வளர்ப்பவர் மனதில் கேள்வி எழும்: நாங்கள் எதைக் கொடுத்ததால் இது வந்தது? சில உயிர்களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் காரணம் தெரியும். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு இது வருவதை ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் லுட்விக் ரேன் 1895இலேயே எடுத்துக்காட்டினார். மலைச் சரிவுகளில் வளரும் ஒரு பெரணி வகையை நெடுங்காலம் மேய்ந்த மாடுகளின் சிறுநீரில் இரத்தம் வந்து, பையில் கட்டிகள் வளரும். அந்தச் செடியிலுள்ள டாக்குயிலோசைட் என்ற நச்சுப் பொருளை 1980களில் பிரித்தெடுத்தார்கள். பூனைக்கு அப்படி நிறுவப்பட்ட காரணம் எதுவும் இல்லை. நீங்கள் போட்ட மீன் தலையும் சோறும் காரணம் அல்ல. மற்றப் பூனைகளுக்கோ பிள்ளைகளுக்கோ இது தொற்றாது. பூனையை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

மூலம் 7: கட்டியுள்ள பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சை சாத்தியம். அகற்றிய திசுவைச் சோதனைக்கு அனுப்புக.

கட்டியையும் அதைச் சுற்றிய நல்ல சுவரில் ஓரளவையும் வெட்டி எடுத்து, மீதியைத் தைத்துவிடுவது இந்த முறை. பை சிறுத்துவிடுமே என்று தயங்க வேண்டாம். சிறுநீர்ப்பை நெகிழும் தன்மையுள்ளது. முதல் வாரங்களில் பூனை அடிக்கடி போகும். நாளடைவில் பை விரிந்து கொள்ளளவு திரும்பும்.

118 பூனைகளின் ஆய்வில் எல்லாப் பூனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நோய் கண்டபின் வாழ்ந்த நடுக்காலம் 155 நாள். அதாவது பாதிப் பூனைகள் அதைவிடக் குறைவாகவும் பாதி அதைவிட அதிகமாகவும் வாழ்ந்தன. பையின் பகுதியை அகற்றிய பூனைகளும், அடுத்த மூலத்தில் வரும் வகை மருந்தைப் பெற்ற பூனைகளும் மற்றவற்றைவிட நெடுநாள் இருந்தன. ஆனாலும் இது வேரோடு பிடுங்கும் சிகிச்சை அல்ல. படலத்தின் வேறோர் இடத்தில் கட்டி மீண்டும் முளைப்பது வழக்கம். செலவும், மயக்க மருந்தின் ஆபத்தும், பூனையின் வயதும் உங்கள் முன் இருக்கின்றன. சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பவர் பூனையைக் கைவிட்டவர் ஆகமாட்டார்.

மூலம் 8: மெலொக்சிகாம், குறைந்த அளவில், உணவுடன். சாப்பிடாவிடில் நிறுத்துக. சிறுநீரகச் சோதனையை மீண்டும் செய்க. நுண்ணுயிர்க்கொல்லி, வளர்ப்புச் சோதனைப்படி.

மெலொக்சிகாம் வலியையும் அழற்சியையும் தணிக்கும் மருந்து. இதைப் பெற்ற 11 பூனைகளைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வில் வாழ்ந்த நடுக்காலம் 311 நாள். பதினொரு பூனைகள் சிறு கூட்டம்தான். ஆனாலும் கத்தியில்லாமல், வீட்டிலேயே, வாயில் விடும் மருந்தால் ஒரு பூனை பல மாதம் வலி குறைந்து இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, மூன்றாம் மூலத்தில் கண்ட கிரியற்றினின். இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக் கூடியவை. பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. வேறு நாடுகளில் மிகக் குறைந்த அளவில் நீண்டகாலம் கொடுக்க அனுமதி உண்டு. ஆகவே அளவை வைத்தியர் எடைபார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வாந்தி எடுத்தால், சாப்பிடாவிட்டால், தண்ணீர் குடிக்காவிட்டால் அன்றைய மருந்தை விட்டுவிட்டு வைத்தியருடன் பேசுங்கள். இரண்டாவது, இந்தத் திரவ மருந்து பூனைக்கு மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் என்றும் நாய்க்கு 1.5 மில்லிகிராம் என்றும் வருகிறது. போத்தல் மாறினால் மூன்று மடங்கு போய்விடும். பெயரை மட்டுமல்ல, எண்ணையும் படியுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. வலியில் கத்தும் பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பழுப்பாகி ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். முரசு நீலம் பாரிக்கும், முகமும் பாதமும் வீங்கும். அரைக் குளிசை, கால் குளிசை என்றும் கொடுக்க வேண்டாம். மனிதருக்கான டைக்குளோபெனக், இபுபுரூபன் குளிசைகளும் அப்படியே.

புற்றுநோய் மருந்தேற்றமும் உண்டு. மைட்டோசாந்திரோன், காபோபிளாட்டின் ஆகியவற்றைப் பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். மனிதருக்கும் நாய்க்கும் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் பூனையின் நுரையீரலில் நீர் கட்டச் செய்து கொன்றுவிடும். பூனையைச் சிறிய நாய் என்று கருதி மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்கு இவையே சாட்சி.

மூலம் 9: சிறுநீர் முற்றாக நின்றால் தாமதியாமல் கொண்டு வருக.

கடுவனின் சிறுநீர் வழி மிகக் குறுகலானது. ஓர் உறைகட்டியோ கட்டியின் நுனியோ அதை அடைத்துவிடும். அடைத்தால் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி இதயம் தடுமாறும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகக் கூடும். குந்திக் குந்தி எழும்புகிறது, ஒரு துளியும் வரவில்லை, வயிற்றின் கீழ்ப்பாதி பந்துபோல் இறுகியிருக்கிறது, வாந்தி எடுக்கிறது, மூலையில் போய்ச் சுருண்டுவிடுகிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் பருக்குவதில் நேரம் போய்விடும். வயிற்றை அமுக்கியும் பார்க்காதீர்கள். நிறைந்த பை வெடிக்கும். வலியில் இருக்கும் பூனை வளர்த்த கையையும் கடிக்கும். தடித்த துவாயில் சுற்றித் தூக்குங்கள்.

மூலம் 10: வாழ்க்கைத் தரத்தைக் கவனித்து வருக.

அறிக்கையின் கடைசி வரி வீட்டாருக்கு விடப்பட்ட பொறுப்பு. அமெரிக்க மிருகப் புற்றுநோய் வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி இட வேண்டும். எழுபதுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்வரை பராமரிப்பைத் தொடரலாம். வாரம் ஒரு முறை, ஒரே ஆள், ஒரே நாளில் புள்ளி போட்டால் போக்கு தெரியும்.

புள்ளி இறங்கிக்கொண்டே போய், வலிக்கு மருந்தும் பலிக்காத நாளில், நோகாமல் உறங்கவைக்கும் வழியைப் பற்றி வைத்தியர் பேசுவார். உயிரைக் கொல்வது பாவம் என்று எண்ணி, அந்தப் பேச்சையே கேட்க மறுப்பவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. அவர்கள் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் சிறுநீர் அடைத்து மரிப்பது மிகக் கொடிய மரணம். அதைத் தடுக்க முடியும்போது தடுப்பது கருணையின் பக்கம் நிற்பதே என்பது என் துணிபு. அதை ஏற்காதவரும் வலிநிவாரணியை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். அந்தக் கடமையில் விலக்கு இல்லை.

இந்நோய் நம் பூனைக்கு வராமலே போகலாம், அவ்வளவு அரிது. ஆனால் வந்தால், காலத்தோடு கண்டவருக்கே சத்திரசிகிச்சை என்ற வழியும் வலியில்லாத மாதங்களும் திறந்திருக்கும். பத்து வயது தாண்டிய பூனையின் சிறுநீரில் இரண்டாம் முறை இரத்தம் கண்டால், அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரிடம் ஸ்கேன் கேளுங்கள்.